பத்து ரூபாயும் ஒரு பழைய சேலையும்

தாலிக்குத் தங்கம் வாங்க விண்ணப்பம் எழுதினப்போ மேலே மூவலூர் ராமாமிர்தம் அம்மையார்னு பேரு போட்டிருக்கும். நம்ம உறுப்பினர்கள் நிறைய பேர் அதை எழுதியிருப்போம். அந்த அம்மா யாருன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது. வேற எங்கேயோ பிறந்தவங்க இல்லை. நம்ம காவிரிக்கரைக்காரங்க. அதனாலதான் இந்த மலர்ல அவங்களைப் பத்தி எழுதணும்னு நினைச்சேன்.

1883-இல் திருவாரூரில் பிறந்தாங்க. வறுமை தாங்காம அப்பா குடும்பத்தை விட்டுட்டுப் போயிட்டார். அம்மா சின்னம்மாளுக்குப் பிழைக்க வழி தெரியல. பெற்ற பிள்ளையை ஒரு தாசி வீட்டில் கொடுத்துட்டாங்க. அதுக்குக் கிடைச்சது பத்து ரூபாயும் ஒரு பழைய சேலையும். மயிலாடுதுறை பக்கத்துல இருக்கிற மூவலூர்ல வளர்ந்ததால அந்த ஊர்ப் பேரே அவங்களோட ஒட்டிக்கிச்சு.

அந்தத் தாயைத் திட்ட எனக்கு வாய் வரல. அன்னைக்கு அவங்க கையில ஒரு தையல் மிஷினோ, நாலு காசு வர்ற ஒரு கைத்தொழிலோ இருந்திருந்தா பிள்ளையைக் கொடுத்திருப்பாங்களா?

அப்போ கோயில்ல பெண்பிள்ளைகளுக்குப் பொட்டுக்கட்டி விடுவாங்க. சாமிக்கே மனைவின்னு பேரு. அப்புறம் அவளுக்குக் கல்யாணம் கிடையாது, பெரிய மிராசுதார் ஒருத்தர் தயவுலதான் வாழணும். ராமாமிர்தம் அம்மா ஆட்டம் பாட்டு எல்லாம் கத்துக்கிட்டாங்க, ஆனா அந்த வாழ்க்கைக்குப் போகல. சொல்லிக்கொடுத்த வாத்தியார் சுயம்புவையே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அப்புறம் ஊர் ஊரா, தாசி வீடு வீடாப் போய் இதை விட்டு வெளியே வாங்கன்னு பேசினாங்க. 1925-இல் மயிலாடுதுறையில் இதுக்காக ஒரு மாநாடே நடந்துச்சு.

வெளியே வான்னு சொல்றது சுலபம். வந்தா சோத்துக்கு என்ன வழி? இதுதான் பெரிய சிக்கல். பொட்டுக்கட்டின பெண்களுக்குக் கோயில் மானிய நிலம் இருந்துச்சு. ஊழியத்தை விட்டா நிலமும் போயிடும். நஞ்சையை விட்டுட்டு யார் வருவா? புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அப்போ சட்டசபையில் இருந்தாங்க. அவங்க முயற்சியில 1929-இல் ஒரு சட்டம் வந்துச்சு. கோயில் வேலையை விட்டாலும் நிலம் அந்தப் பெண்களுக்கே சொந்தம்னு ஆச்சு. என் கணக்குல இதுதான் முதல் விடுதலை. பொட்டுக்கட்டுறதையே தடுக்கிற சட்டம் 1947-இல்தான் வந்துச்சு. அதுக்குள்ள முத்துலட்சுமி அம்மா அவ்வை இல்லம் ஆரம்பிச்சு, அடைக்கலம் தேடி வந்த பெண்பிள்ளைகளுக்குத் தங்க இடமும் படிப்பும் கொடுத்தாங்க. அங்கே சட்டசபையில் ஒருத்தர், இங்கே வாசல்படி வாசல்படியா ஒருத்தர்.

ராமாமிர்தம் அம்மா முதல்ல காங்கிரஸ்ல இருந்தாங்க, கதரைப் பரப்பினாங்க. காக்கிநாடா மாநாட்டுக்குக் கொடி கொண்டுபோகக் கூடாதுன்னு தடை போட்டப்போ, கொடியையே சேலையா உடுத்திக்கிட்டுப் போனாங்களாம். எத்தனை கொடியை ஒட்டுப்போட்டுத் தைச்சாங்களோ! தையல் தெரிஞ்ச நமக்குத்தான் அந்த வேலை புரியும்.

பிறகு பெரியாரோட சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தாங்க. 1936-இல் தாசிகள் மோசவலைன்னு ஒரு நாவல் எழுதினாங்க. பொட்டுக்கட்டின வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு வெளியே இருந்து எழுதினவங்க உண்டு, உள்ளே வளர்ந்து எழுதினது இவங்க. 1938-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தே போனாங்க. அப்போ வயசு 55. ஜெயிலுக்கும் போனாங்க. நம்மள்ல யாராவது அந்த வயசுல அவ்வளவு தூரம் நடப்போமா?

1962-இல் இறந்துட்டாங்க. 1989-இல் அவங்க பேருல திருமண உதவித் திட்டம் வந்துச்சு. எட்டாவது படிச்சிருந்தா 5,000 ரூபாய். பணத்துக்காகவாவது பிள்ளையை எட்டாவது வரைக்கும் அனுப்புன வீடுகள் எங்க தெருவுலயே உண்டு. அப்புறம் படிப்பு பத்தாவதுன்னு உயர்ந்துச்சு, தங்கமும் சேர்ந்துச்சு. 2022-லிருந்து அது புதுமைப் பெண் திட்டமா மாறிடுச்சு. அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளை கல்லூரிக்கோ ஐடிஐக்கோ போனா, படிப்பு முடியிற வரைக்கும் மாசம் 1,000 ரூபாய் அவ பேங்க் கணக்குக்கே வருது.