கைவிடப்பட்ட பெண்களுக்கு வழி தேடிய ஹகீமுல் உம்மத்

ஹகீமுல் உம்மத் மௌலானா அஷ்ரப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 1280-இல் (1863), வடநாட்டில் தானாபவன் என்னும் சிற்றூரில் பிறந்தார்கள். தேவ்பந்த் தாருல் உலூமில் ஓதித் தேறி, கான்பூரில் பதினான்கு ஆண்டுகள் ஓதிக்கொடுத்து, பின்னர் சொந்த ஊரின் கான்காவிலேயே தங்கிவிட்டார்கள். அன்னாரின் ‘பிஹிஷ்தி ஸேவர்’ நூலைப் பலரும் அறிவர். மஹர், மணமுறிவு விஷயங்களில் அவர்கள் பட்ட பாட்டை அறிந்தவர் சிலரே.

முதலில் அவர்களுடைய வீட்டுக் கணக்கைச் சொல்ல வேண்டும். தந்தையார் அப்துல் ஹக் அவர்கள் நான்கு மணங்கள் செய்தவர். அம்மனைவியரின் மஹர் கொடுபட்டதா, மன்னிக்கப்பட்டதா என்பது தெளிவாகவில்லை. கணவனின் ஜனாஸா கிளம்பும் வேளையில், அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் மஹரை மன்னிக்கச் சொல்லும் வழக்கத்தை நம்மவரும் கண்டதுண்டல்லவா! தானவீ (ரஹ்) அவர்கள் அப்படி விட்டுவிடவில்லை. மஹர் கடன், கடன் போகத்தான் வாரிசுச் சொத்து. ஆகவே தம் பங்கில் விழும் கடனைக் கணக்கிட்டு, அப்பெண்களின் வாரிசுகளைப் பல ஊர்களில் தேடிப்பிடித்துச் செலுத்தினார்கள். சிலருக்குக் கிடைத்தது சில காசுகளே, அதையும் கொடுத்தார்கள். தம் இரு மனைவியருக்கும் வரும் பொருளைச் சமமாகப் பங்கிடத் தராசே வைத்திருந்தவர்கள் அவர்கள்.

அக்காலத்தில் பஞ்சாபில் ஒரு கொடுமை நடந்தது. கணவன் காணாமற்போனாலும், சோறு போடாமல் தலாக்கும் சொல்லாமல் வைத்திருந்தாலும், ஹனபீ சட்டப்படி மனைவிக்கு விடுதலை பெறும் வழி மிகக் குறுகலாயிருந்தது. குலஉ கேட்டு மஹரை விட்டுக்கொடுக்க அவள் முன்வந்தாலும் கணவன் சம்மதிக்க வேண்டுமே! மதம் மாறினால் நிகாஹ் முறியும் என்பதைக் கேள்விப்பட்ட சில பெண்கள், அதற்காகவே இஸ்லாத்தைத் துறந்தனர். நிகாஹ் முறியும் என்று 1913-இல் தானவீ (ரஹ்) அவர்களே பத்வா கொடுத்திருந்தார்கள்.

பெண்கள் ஈமானை இழப்பதைக் கண்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. மதீனாவின் மாலிகீ முப்திகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டு, முப்தி முஹம்மது ஷபீ, முப்தி அப்துல் கரீம் ஆகியோரின் துணையுடன், 1931-இல் ‘அல்ஹீலதுந் நாஜிஸா’ என்னும் நூலை வெளியிட்டார்கள். காணாமற்போனவனின் மனைவி காழியிடம் முறையிட்டு நான்காண்டு காத்திருந்து, நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தபின் மறுமணம் செய்யலாம். காழி இல்லாத இடத்தில் நேர்மையுள்ள முஸ்லிம்களின் ஜமாஅத் அதை விசாரிக்கலாம். செலவு கொடுக்காதவன், பைத்தியம் பிடித்தவன் ஆகியோரின் மனைவியருக்கும் வழி சொன்னார்கள். மதம் மாறுவதால் நிகாஹ் முறியாது என்று தம் பழைய பத்வாவையும் மாற்றினார்கள். நிகாஹின்போதே, இன்ன நிபந்தனை மீறப்பட்டால் தலாக்கின் அதிகாரம் மனைவிக்கு என்று எழுதிக்கொள்ளும் முறையையும் விளக்கினார்கள். நம் பகுதியில் அப்படி எழுதுவோர் அரிது. பழனி மலையடிவாரத்தில் அய்யம்பாளையம் போன்ற ஊர்களின் ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனபீகளே. இந்நூல் நமக்கும் உரியதுதான்.

இதனை அடிப்படையாகக் கொண்டு ஜம்இய்யத்துல் உலமா தயாரித்த மசோதாவை 1936-இல் காழி முஹம்மது அஹ்மத் காழிமீ மத்திய சட்டசபையில் கொண்டுவந்தார். 1939-இல் அது முஸ்லிம் திருமண ரத்துச் சட்டமாயிற்று. நான்காண்டு தகவலின்மை, ஈராண்டு ஜீவனாம்சம் தராமை, ஏழாண்டுச் சிறைத்தண்டனை முதலியவை அதில் காரணங்களாக உள்ளன. ரத்துக் கேட்டதனால் மஹர் உரிமை போய்விடாது என்றும் தனிப் பிரிவே உண்டு. வழக்குக்குப் போனால் மஹர் போய்விடும் என்று பெண்ணைப் பயமுறுத்துவோர் அப்பிரிவைப் படிக்க வேண்டும்.

ஆனால் முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என்ற ஷரத்து மசோதாவிலிருந்து நீக்கப்பட்டது. உலமாக்களுக்கு இது பெருங்குறையாகவே இருந்தது. சட்டம் வந்து நான்காண்டுகளில், 1943 ஜூலையில், தானவீ (ரஹ்) அவர்கள் தானாபவனிலேயே காலமானார்கள். அச்சட்டம் இந்தியாவில் இன்றும் அமலில் இருக்கிறது.