பஞ்சத்துக்குக் கணக்குக் கேட்டவர்

பேரிடர் நேர்ந்தபோது இரங்குவோர் பலர், ஈவோர் சிலர், அது ஏன் இத்துணைப் பெரிதாயிற்று என்று ஆள்வோரிடம் கணக்குக் கேட்போர் மிகச் சிலர். அம்மிகச் சிலருள் ஒருவர் வில்லியம் டிக்பி. தமிழ் மக்களின் துயரோடு பிணைந்தது அவருடைய வாழ்வு. ஆயினும் நம்மில் அவரை அறிந்தோர் குறைவு. ஆதலின் அவரைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

1849ஆம் ஆண்டு இங்கிலாந்திலே பிறந்த டிக்பி, 1871இல் கொழும்புக்கு வந்து 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகையின் துணையாசிரியரானார். சட்டசபையில் உறுப்பினர் பேசுவனவற்றைச் சுருக்கெழுத்தில் பதியும் பணியும் அவரிடம் வந்தது. அந்நடவடிக்கைகளை ஆறு தொகுதிகளாக்கினார். ஆள்வோரை அவர்தம் சொல்லுக்கே பொறுப்பாக்கும் வித்தையை அவர் அங்கேதான் பயின்றார் என்று நான் கருதுகிறேன். உழவனின் நெல்மீது அரசு அறவிட்ட வரியையும் அவர் கண்டித்தெழுதினார். அவ்வரியை நீக்க அரசு முன்வந்தது 1892இல்தான்.

மாத்தளை மாவட்டத்து வில்கமுவவிலிருந்து இதனை எழுதுகிறேன். மகாவலி கங்கை அருகே ஓடினும் வரட்சிக்கு அஞ்சும் மண் இது. மழை பொய்த்தால் நெல்வயல் என்னாகும் என்பதை இங்குள்ளோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இவ்வூருக்கு மேற்கே, தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் நெடுஞ்சாலை செல்கிறது. தாது வருடப் பஞ்சத்துக்குத் தப்பிய தமிழ்த் தொழிலாளர் பலர் மன்னார்க் கரையிலிறங்கி, கோப்பித் தோட்டங்களை நாடி நடந்த வழி அது. 1877ஆம் ஆண்டில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் தமிழகத்திலிருந்து இலங்கைக்கு வந்தனர்.

அவர்கள் விட்டுவந்த நாட்டுக்கு அதே ஆண்டில் டிக்பி போய்ச் சேர்ந்தார். 'மெட்ராஸ் டைம்ஸ்' பத்திரிகையின் ஆசிரியரானார். 1876இல் பருவமழை பொய்த்தது இயற்கையின் செயல். ஆனால் மக்கள் மாண்டுகொண்டிருக்கையில், 1877 சனவரி முதல் நாளன்று டில்லியில் தர்பார் நடத்திக் களித்தது அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபுவின் செயல். சென்னை அரசு தானியம் வாங்கிச் சேமித்தபோது, வாணிகத்தில் அரசு தலையிடலாகாதென இந்திய அரசு தடுத்தது. செலவைச் சுருக்கவந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்வோரின் தானிய அளவை நாளொன்றுக்கு ஒரு இராத்தலாகக் குறைத்தார். உடலுழைப்பவனுக்கு அது போதாதென்று சென்னைச் சுகாதார அதிகாரி டாக்டர் கோர்னிஷ் வாதாடினார்.

டிக்பி வாளாவிருக்கவில்லை. இலண்டனில் நிதி திரட்டுமாறு விடாது வற்புறுத்தினார். 8,20,000 பவுண் திரண்டது. செயற்குழுவின் கௌரவ செயலாளராக நின்று, 120 உள்ளூர்க் குழுக்கள் வாயிலாக அதனைப் பகிர்ந்தார். மாயூரத்திலே வேதநாயகம் பிள்ளை தம் பொருளை ஈந்து கஞ்சி வார்த்த காலம் அது. ஈகையை நாம் மறந்ததில்லை. ஆனால் டிக்பி ஈகையோடு நின்றாரல்லர். பஞ்சம் தணிந்த 1878இலேயே, அரசின் கடிதங்களையும் அறிக்கைகளையும் திரட்டி, எவர் எதனை ஆணையிட்டார், அதனால் என்ன விளைந்தது என்பதை இரு பெருந்தொகுதிகளில் வெளியிட்டார்.

அதனால் எவரேனும் தண்டிக்கப்பட்டனரா? இல்லை. டெம்பிள் பம்பாய் ஆளுநராக உயர்ந்தார். பஞ்சத்தில் மடிந்தோரோ ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர். எனினும் 1878இல் பஞ்ச ஆணைக்குழு அமைந்தது. 1880இல் அதன் அறிக்கை வெளிவந்தது. அதன்வழிப் பஞ்சச் சட்டக்கோவைகள் பிறந்தன. பட்டினியிலிருந்து குடிகளைக் காப்பது அரசின் கடமை என்பது ஏட்டிலேனும் ஏறிற்று.

1879இல் தாயகம் திரும்பிய டிக்பி, பின்னர் இந்தியக் காங்கிரசின் பிரித்தானியக் குழுவுக்குச் செயலாளராகி, 'இந்தியா' என்னும் இதழையும் நடத்தினார். பாராளுமன்றத்துக்கு இருமுறை போட்டியிட்டுத் தோற்றார். 1896இலும் 1899இலும் பஞ்சம் மீண்டும் வந்தது. இந்தியா செழித்ததென்ற பெருமையை அரசின் புள்ளிவிவரங்களைக் கொண்டே மறுத்து, 1901இல் மற்றொரு பெருநூல் எழுதினார். 1904இல் மறைந்தார்.

2021இல் கொழும்புக்கு அருகே தீப்பற்றி மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலால் நம் கடல் நஞ்சாயிற்று. அதற்கு 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு வழங்குமாறு இலங்கை உயர் நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. அச்செய்தியைப் படித்தபோது எனக்கு டிக்பியின் நினைவே வந்தது. கண்ணீர் காய்ந்துவிடும்; எழுதிவைத்த கணக்கே எஞ்சும். அதனை எழுதிவைப்பார் இல்லையேல், நீதிபதி முன்னும் வரலாற்றின் முன்னும் மடிந்தவர் சார்பில் பேசுவதற்கு எதுவும் இராது.