வனத்து அந்தோனியார்

சம்மாந்துறை, கல்முனைப் பக்கம் வாழும் உங்கள் உறவினருள்ளும் ஓர் அந்தோனி இருக்கக்கூடும். அவருடைய பெயருக்குரிய புனிதர் யார் என்று கேட்டால், குழந்தை இயேசுவை ஏந்திய பதுவை அந்தோனியாரையே காட்டுவீர்கள். அவருக்கோ அப்பெயர் வேறொரு புனிதரிடமிருந்து வந்தது.

அப்புனிதரே வனத்து அந்தோனியார். ஏறக்குறைய 251ஆம் ஆண்டில் எகிப்து நாட்டில், வசதியான குடும்பத்தில் பிறந்தார். இருபது வயதளவில் பெற்றோரை இழந்தார். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கும்படி ஆண்டவர் செல்வந்த வாலிபனுக்குக் கூறியதை ஒருநாள் ஆலயத்தில் கேட்டார். உடனே தம் நிலங்களை ஊராருக்குக் கொடுத்தார். தங்கையை நம்பிக்கைக்குரிய கன்னியரிடம் ஒப்படைத்தார். பாழடைந்த கோட்டையொன்றில் சுமார் 20 ஆண்டுகள் தனிமையில் தவமிருந்தார்.

உலகை வெறுத்து ஓடியவர் என்று அவரை எண்ணிவிடாதீர்கள். 311ஆம் ஆண்டு வேதகலாபனையின்போது அலெக்சாந்திரியா நகருக்கு விரைந்து, சிறைகளிலும் சுரங்கங்களிலும் வாடிய கிறிஸ்தவர்களுக்குப் பணிவிடை செய்தார். 356இல், 105ஆவது வயதில் இறந்தார். தம்மைப் புதைத்த இடம் எவருக்கும் தெரியக்கூடாது என்று சீடர்களைக் கேட்டுக்கொண்டார். ஆனால் அலெக்சாந்திரியாவின் மறைமுதுவர் புனித அத்தனாசியார் எழுதிய வரலாறு அவர் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது.

1220இல் போர்த்துக்கல் நாட்டின் கொயிம்பிரா நகரில், பெர்னாந்து என்னும் இளந்துறவி பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். அவர் சேர்ந்த சிறு மடம் வனத்து அந்தோனியார் பெயரால் அமைந்தது. அப்பெயரையே தமக்கும் சூடிக்கொண்டார். அவரே நம் பதுவை அந்தோனியார்.

பெற்றோரே, பிள்ளைக்குப் பெயரிட்டதோடு கடமை முடிந்துவிடுமா? ஜூன் 13இல் திருவிழாவுக்கு அழைத்துச் செல்லும் நீங்கள், ஜனவரி 17இல் இந்த வரலாற்றையும் வீட்டில் சொல்லுங்கள். கொடுத்துவிட்டு வாழ்ந்த ஒருவரின் பெயரைத் தான் சுமப்பதைப் பிள்ளை அறியட்டும்.