பட்டயத்தில் தொடங்கிய பயணம்



கல்யாண வீடோ, காது குத்தோ, எங்கே போனாலும் நம்மைப் பிடித்து உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்பார்கள். என்னப்பா படிக்கிறே? டிப்ளமோ என்று சொன்னதும், ஓ... டிப்ளமோ தானா என்று ஓர் இழுப்பு. அந்தத் 'தானா'வில் எத்தனை பேருக்கு மனசு ஒடிந்து போகிறது! அப்படி ஒடிந்து போனவர்களுக்காகவே ஒரு பெண்மணியின் கதையைச் சொல்லப் போகிறேன். அவர் நம்ம துறைக்காரர் இல்லை, பிரசவ டாக்டர். ஆனால் அவரும் பட்டயத்தில் தொடங்கியவர்தான்!

அவர் பெயர் மேரி ஷார்லீப். 1845-ல் லண்டனில் பிறந்தார். பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தார். இருபது வயதில் வில்லியம் ஷார்லீப் என்ற வக்கீலுக்கு வாழ்க்கைப்பட்டார். கணவருக்குச் சென்னையில் தொழில். 1866-ல் கப்பலேறி வந்து இறங்கினார். வீடு, குழந்தைகள், கணவரின் சட்டப் பத்திரிகை வேலையில் ஒத்தாசை என்று நாட்கள் ஓடின.

கணவரின் அலுவலகத்துக்கு வந்து போகிறவர்கள் மூலம் அவர் காதில் விழுந்த செய்திகள்தான் அவரை உலுக்கின. கோஷா முறையில் வாழ்ந்த முஸ்லிம் பெண்களும், உயர்சாதி இந்துப் பெண்களும் ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டார்கள். பெண் டாக்டரோ ஊரில் கிடையாது. பிரசவம் சிக்கலானால் மருத்துவச்சிக்குத் தெரிந்தது தீர்ந்து போகும். பிறகு தாயும் பிள்ளையும் விதி விட்ட வழி. தாயில்லாமல் வளர்ந்தவர் அல்லவா! கேட்டுவிட்டுச் சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

முதல் படி, சென்னைப் பிரசவ ஆஸ்பத்திரி. 1844-ல் ஏற்பட்ட அதுதான் இன்று எழும்பூரில் இருக்கும் மகப்பேறு மருத்துவமனை. அங்கே மருத்துவச்சிப் பயிற்சிக்குச் சேர்ந்தார். வலி வந்தவளைக் கவனிப்பது, சுகப் பிரசவம் பார்ப்பது, பச்சைக் குழந்தையைப் பேணுவது எல்லாம் கைவந்தன. ஆனால் பயிற்சியின் நடுவில் ஓர் உண்மை அவருக்கு உறைத்தது. சுகப் பிரசவத்துக்கு அனுபவம் போதும். குழந்தை குறுக்கே கிடந்தால், ரத்தம் நிற்காமல் போனால் அனுபவம் மட்டும் போதாது. உடற்கூறு தெரிய வேண்டும், மருந்து தெரிய வேண்டும், கத்தி பிடிக்கத் தெரிய வேண்டும். அதாவது முழு டாக்டராக வேண்டும்.

அந்தக் காலத்தில் இது சாமானியப் பேச்சா? மருத்துவக் கல்லூரி வாசலைப் பெண்கள் மிதித்ததே இல்லை. சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபோர் பெண்கள் பக்கம் நின்றார். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் கதவு திறந்தது. நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் மேரி. அப்போது அவருக்கு வயது முப்பது. மூன்று குழந்தைகளுக்குத் தாய்!

சேர்ந்தாச்சு, ஆனால் மரியாதை கிடைத்ததா? வார்டில் நீங்கள் சுற்றுவதை என்னால் தடுக்க முடியாது, ஆனால் பாடம் சொல்லித் தர மாட்டேன் என்கிற தோரணையில் நடந்துகொண்ட பெரிய டாக்டரும் இருந்தார். நமக்கு லேபில் ஒருநாள் சார் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலே மூடு அவுட்டாகி விடுகிறோம். மேரி நோயாளியின் கட்டிலருகே நின்று, பார்த்துப் பார்த்தே கற்றார். மூன்றாண்டு முடிவில், 1878-ல், மருத்துவம், அறுவை, பிரசவம் மூன்றுக்குமான லைசென்சியேட் சான்றிதழைக் கையில் வாங்கினார். நம்ம கணக்கில் சொன்னால் டிப்ளமோ!

அதோடு நின்றிருக்கலாம். பிராக்டீஸ் செய்ய அது போதும். ஆனால் வேலையை முழுசாகச் செய்ய அது போதாது என்று அவருக்கே பட்டது. அதே 1878-ல்தான் லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்கும் பட்டம் தர முன்வந்தது. மேரி லண்டன் போய், பெண்கள் மருத்துவப் பள்ளியில் மறுபடியும் மாணவியாக உட்கார்ந்தார். 1882-ல் எம்.பி., பி.எஸ். பட்டம், மகப்பேறு மருத்துவத்தில் தங்கப் பதக்கம்! அதற்குப் பிறகும் ஊர் திரும்பவில்லை. பிரசவ அறுவை முறைகளில் பேர்போன வியன்னாவுக்குப் போய் அதையும் கற்றார். விக்டோரியா ராணியைச் சந்தித்து இந்தியப் பெண்கள் படும் பாட்டை எடுத்துச் சொன்னார்.

1883-ல் சென்னை திரும்பினார். முன்பு மாணவியாக இருந்த அதே மருத்துவக் கல்லூரியில் இப்போது மகப்பேறு பாடம் நடத்தும் விரிவுரையாளர்! காலம் எப்படிப் புரட்டிப் போடுகிறது பாருங்கள்! 1885-ல் அவர் முயற்சியால் கோஷாப் பெண்களுக்கும் சாதிக் கட்டுப்பாட்டில் இருந்த இந்துப் பெண்களுக்கும் தனி ஆஸ்பத்திரி உருவானது. நுங்கம்பாக்கத்தில் ஒரு வீட்டில் தொடங்கி, பிறகு சேப்பாக்கம் கடற்கரைப் பக்கம் இடம் மாறியது. வெங்கடகிரி ராஜா கட்டடத்துக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார். இன்று கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை என்று பலகை இருந்தாலும், திருவல்லிக்கேணிக்காரர்கள் சொல்வது 'கோஷா ஆஸ்பத்திரி' தான்.

சென்னை வெயில் அவர் உடம்பைப் படுத்தியது. 1887-ல் லண்டன் திரும்பினார். படிப்பை விட்டாரா? 1888-ல் எம்.டி.! லண்டன் பல்கலையில் அதைப் பெற்ற முதல் பெண் அவரே. 1891-ல் கணவர் காலமானார். அந்தத் துயரத்திலும் கை ஓயவில்லை. மறு வருஷமே பெண்களுக்கான புதிய மருத்துவமனையில் தலைமை அறுவை மருத்துவர் ஆனார். 1897-ல் அறுவை மருத்துவத்தில் முதுகலைப் பட்டம். அப்போது வயது ஐம்பத்திரண்டு! 1902-ல் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பெண்கள் நோய் மருத்துவரானார். அந்தப் பதவியில் அங்கே அமர்ந்த முதல் பெண். 1926-ல் டேம் பட்டம் வந்தது. 1930-ல், எண்பத்தைந்து வயதில் மறைந்தார்.

இன்று மகப்பேறு நிபுணராக வேண்டுமென்றால் எம்.பி.பி.எஸ்., ஹவுஸ் சர்ஜன், அதன் மேல் மூன்று வருஷ எம்.எஸ். அல்லது எம்.டி. என்று பாதை ஒழுங்காகப் போட்டிருக்கிறது. மேரிக்கு அப்படிப் போட்ட பாதை இல்லை. மருத்துவச்சி, லைசென்சியேட், பட்டம், வியன்னா, எம்.டி. என்று ஒவ்வொரு படியாக அவரே கட்டி, அவரே ஏறினார். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பெயருக்குப் பின்னால் எழுத்துகள் சேர்க்க அவர் ஏறவில்லை. கட்டிலில் கிடக்கும் பெண்ணைக் காப்பாற்ற இன்னும் என்ன தெரிய வேண்டும் என்று தன்னையே கேட்டார். பதில் கிடைத்த இடத்துக்கெல்லாம் போனார்.

நண்பர்களே! நம்மில் சிலர் நேரடி இரண்டாமாண்டு பி.இ. போகலாம். சிலர் வேலைக்குப் போய்க்கொண்டே பார்ட் டைமில் படிக்கலாம். வீட்டு நிலைமையால் லேத் முன்னாலேயே நின்றுவிடுகிறவர்களும் உண்டு. அதில் ஒன்றும் குறைவில்லை. எங்கே நின்றாலும் அந்த ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட வேண்டாம்: என் வேலையை இன்னும் சரியாகச் செய்ய எனக்கு என்ன தெரியவில்லை?

அடுத்த முறை யாராவது டிப்ளமோ தானா என்று கேட்டால், ஆமாம், இது முதல் படி என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். சென்னைக்குப் போனால் கோஷா ஆஸ்பத்திரி வாசலையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்!