பெயரிலேயே நிறம் இருந்தவர்

ஈசிஆரில் மாமல்லபுரம் தாண்டி தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் போனா கல்பாக்கம். பஸ் ஜன்னல் வழியா நீங்களும் எத்தனையோ தடவை பார்த்திருப்பீங்க. அங்கே இருக்கும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், கார்பன் டை ஆக்சைடை வைத்து யுரேனியத்தைப் பிரித்தெடுக்கும் வேலை நடந்திருக்கு. ப்ராஜெக்டுக்காக அதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்ச நான், கடைசியில் போய் நின்ற இடம் 1903-ம் வருஷத்து வார்சா நகரம். அங்கே ஒருத்தர் கீரை அரைச்சிட்டு இருந்தார்னு சொன்னா நம்புவீங்களா?

மிகைல் ட்ஸ்வெட். க்ரோமட்டோகிராஃபி பாடத்தில் ஒரே வரியில் வந்து போகும் பெயர். ரஷ்ய மொழியில் ட்ஸ்வெட் என்றால் நிறம். 1872-ல் இத்தாலியில் ஆஸ்தி என்ற ஊரில் பிறந்தார். அப்பா ரஷ்யர். பிறந்த கொஞ்ச நாளிலேயே அம்மா இறந்துட்டாங்க. வளர்ந்தது, படிச்சது எல்லாம் சுவிட்சர்லாந்தில். 1896-ல் ஜெனீவாவில் டாக்டர் பட்டம் வாங்கி, ரஷ்யாவுக்குப் போனார். அந்தப் பட்டம் இங்கே செல்லாதுன்னு சொல்லிட்டாங்க! மறுபடியும் முதலில் இருந்து படிச்சு, 1901-ல் கசானில் மாஸ்டர்ஸ் முடிச்சார். அப்புறம்தான் வார்சாவில் வேலை.

அவரைக் குடைந்த கேள்வி ரொம்பச் சின்னது. இலையில் இருந்து வெளியே எடுத்த பச்சையம் பெட்ரோலியம் ஈதரில் நல்லாக் கரையும். ஆனா அதே ஈதரை நேரா இலை மேல ஊத்தினா மஞ்சள் நிறமி மட்டும்தான் வரும், பச்சை வராது. ஏன்? பச்சையம் இலைத் திசுவில் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு ட்ஸ்வெட் கண்டுபிடிச்சார். ஈதரில் கொஞ்சம் ஆல்கஹால் சேர்த்தா அந்தப் பிடி விட்டுப் போகுது, பச்சையும் வந்துடுது. இந்த ஆல்கஹாலை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

இலையில் தானா ஒட்டுறதை நாமளே ஒட்ட வச்சா என்ன? கண்ணாடிக் குழாயில் கால்சியம் கார்பனேட் பொடியை, அதாவது சுண்ணாம்புப் பொடியை, இறுக்கமா அடைச்சு, மேலே இலைச்சாறுக் கரைசலை ஊத்தி, பின்னாடியே சுத்தமான கரைப்பானை விட்டார். போலார் தன்மை இல்லாத கரோட்டின் பொடியில் ஒட்டாம முதலில் ஓடிடும். போலார் தன்மை கூடக் கூட ஒட்டுதலும் கூடும். அதனால பச்சையமே ரெண்டா, ஒண்ணு நீலப்பச்சையா, அதுக்கு மேல இன்னொண்ணு மஞ்சள்பச்சையா, வளையம் வளையமாப் பிரிஞ்சு நின்னுச்சு. நூத்துக்கும் மேற்பட்ட பொடிகளை இப்படிச் சோதிச்சிருக்கார். (செகண்ட் இயர் லேபில் நாங்க முருங்கைக்கீரையை வச்சு இதைச் செஞ்சோம். குழாய் காய்ஞ்சு பொடி வெடிச்சுப்போய், வளையம் இல்ல, வெறும் பச்சைச் சேறுதான். கரைப்பான் விட மறந்தது நான்தான்.) 1903-ல் வார்சாவில் இதைப் பத்திப் பேசினார். 1906-ல் ஜெர்மன் தாவரவியல் இதழில் எழுதின கட்டுரைகளில்தான் க்ரோமட்டோகிராஃபி என்ற பெயரே வருது.

வேதியியல்காரங்க பெருசா கண்டுக்கல. அவர் தாவரவியல் ஆள், அது ஒரு காரணம்னு எனக்குத் தோணுது. பச்சைய ஆராய்ச்சியில் அப்போ பெரிய தலை ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர். அவருக்கு இந்த முறை சரியா வரல. 1915-ல் நோபல் பரிசு வில்ஸ்டாட்டருக்குப் போச்சு. அதே வருஷம் ஜெர்மன் படை வார்சாவைப் பிடிச்சது. ட்ஸ்வெட் மாஸ்கோ, நிஷ்னி நோவ்கோரோட்னு ஓடினார். 1917-ல் எஸ்தோனியாவின் தார்த்துவில் பேராசிரியர் வேலை கிடைச்சது. அடுத்த வருஷமே அங்கேயும் ஜெர்மன் படை. கடைசியா வரோனேஷ். 1918-ல் நோபலுக்கு அவர் பெயரையும் பரிந்துரைச்சாங்க, கிடைக்கல. 1919 ஜூனில், 47 வயசில், செத்துப்போனார்.

1931-ல் ஹைடல்பெர்கில் ரிச்சர்ட் குன், எட்கர் லெடரர் இருவரும் அதே முறையில் கரோட்டின்களைப் பிரிச்சுக் காட்டினாங்க. அதுக்கு அப்புறம்தான் உலகமே குழாயைக் கையில் எடுத்தது. 1910-ல் ட்ஸ்வெட் ரஷ்ய மொழியில் எழுதின புத்தகத்தை வில்ஸ்டாட்டர் தனக்காக ஜெர்மனில் மொழிபெயர்க்க வச்சிருந்தார். அந்தப் பிரதிதான் அவருடைய மாணவரான குன் கிட்ட வந்து சேர்ந்தது.

இப்போ கல்பாக்கத்துக்குத் திரும்புவோம். கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரிக்கு மேலே, காற்றழுத்தம் மாதிரி 73 மடங்குக்கு மேலே போனா, வாயுவும் இல்லாம திரவமும் இல்லாம சூப்பர்கிரிட்டிக்கல் நிலைக்கு வந்துடும். செங்கல்பட்டு மே மாசத்தில் அந்த வெப்பநிலை ஓசியிலேயே கிடைக்கும், அழுத்தம்தான் செலவு. ஆனா ட்ஸ்வெட்டின் ஈதர் மாதிரியே இதுவும் போலார் இல்லாத ஆள். மின்னூட்டம் உள்ள யுரேனிய அயனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால முதலில் அயனியை ட்ரைபியூட்டைல் பாஸ்பேட் மாதிரி ஒரு கரிம மூலக்கூறால் போர்த்தணும். தேவைப்பட்டா கொஞ்சம் மெத்தனாலும் சேர்க்கணும். மருந்துத் துறையில் சர்க்கரை, அமினோ அமிலம் மாதிரி ரொம்ப போலாரான சேர்மங்களை சூப்பர்கிரிட்டிக்கல் க்ரோமட்டோகிராஃபியில் பிரிக்கவும் இதே வழிதான். கார்பன் டை ஆக்சைடோடு மெத்தனால், அந்த மெத்தனாலில் ஒரு சில சதவீதம் தண்ணீர். வார்சாவில் இலையின் பிடியை விடுவிச்சதும் ஒரு ஆல்கஹால்தானே?

வேலை முடிஞ்சு அழுத்தத்தைக் குறைச்சா கார்பன் டை ஆக்சைடு வாயுவாப் பறந்துடும், யுரேனியம் தங்கிடும். கதிரியக்கம் ஏறின கரைப்பானை டப்பா டப்பாவா சேர்த்து வைக்கும் வேலை அந்த அளவுக்குக் குறையும்.