ஸர் அசுதோஷ் முகர்ஜியும் மேற்படிப்பின் வாயிலும்

பி.ஏ. பட்டம் பெற்ற ஒருவன் மேலும் கற்க விரும்பினால் அவனை உள்ளே விடுவதா, வெளியே நிறுத்துவதா, எந்தத் தராசில் அவனை நிறுப்பது என்பவற்றை நம் சர்வகலாசாலைகள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை திருத்தி எழுதிய வண்ணமாகவே இருக்கின்றன. விதி மாறும் போதெல்லாம் தகுதி சீரழிந்தது என்று ஒரு சாராரும், ஏழை மகனுக்குக் கதவடைத்தாயிற்று என்று மற்றொரு சாராரும் முறையிடுவது வழக்கம். இவ்வழக்கு வெகு உக்கிரமாக நடந்த இடம் கல்கத்தா. அதன் நடுவே மலைபோல் நின்றவர் ஸர் அசுதோஷ் முகர்ஜி. அவர் மறைந்து நூறாண்டு கடந்துவிட்டது. ஆயினும் கல்வி விஷயத்தில் பாடுபடும் தேசத் தொண்டர்கள் அவருடைய சரித்திரத்தை அறிந்திருத்தல் அவசியமென்று நாம் கருதுகிறோம்.

1864-ம் வருஷம் ஜூன் மாதம் 29ந் தேதி கல்கத்தாவில் கங்காபிரசாத் முகோபாத்தியாயர் என்னும் வைத்தியரின் குமாரராக அவர் பிறந்தார். 1885-ல் கணிதத்திலும் மறு வருஷமே பௌதிகத்திலும் எம்.ஏ. பட்டம் பெற்றார். பிரேம்சந்த் ராய்சந்த் பரிசும் அவரை வந்தடைந்தது. இருபது வயதுக்குள்ளாகவே கணிதக் கட்டுரைகள் எழுதத் தொடங்கியவர். அத்துறையிலேயே ஆயுளைச் செலவிட்டிருக்க வேண்டியவர். ஆனால் அவர் அமர்ந்து கற்பிப்பதற்கோ ஆராய்வதற்கோ அக்காலத்துக் கல்கத்தா சர்வகலாசாலையில் கணிதத்துக்கு ஒரு பீடமும் கிடையாது. ஆகவே சட்டத்துக்குப் போனார். 1904-ல் ஹைகோர்ட் நீதிபதியானார். தமக்குக் கிடைக்காத அந்த நாற்காலியைப் பிறருக்காகச் செய்து வைப்பதிலேயே அவரது மீதி நாட்கள் கழிந்தன என்று சொன்னால் அது மிகையாகாது.

பீடம் இல்லாததற்குக் காரணத்தை அறிய வேண்டுமானால் 1857-க்குப் போகவேண்டும். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று ராஜதானிகளிலும் அவ்வாண்டில் ஏற்பட்ட சர்வகலாசாலைகள் லண்டன் சர்வகலாசாலையைப் பார்த்து வார்த்தவை. அவை பரீட்சை நடத்தும், பட்டம் கொடுக்கும், பாடம் சொல்லித் தருவதில்லை. மேற்படிப்புச் சொல்லித் தருவது தனித்தனிக் கலாசாலைகளின் பாடு. அவற்றுள்ளும் பணமும் ஆசிரியர்களும் உள்ளவை சிலவே. அவற்றில் தலையாயது சர்க்காரின் பிரஸிடென்ஸி கலாசாலை. நாட்டுப்புறத்துக் கலாசாலையில் பி.ஏ. தேறியவனுக்கு மேற்படிப்பின் வாயில் எத்தனை குறுகலாக இருந்திருக்கும் என்பதை நம் வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்நிலையில்தான் கர்ஸான் பிரபு 1904-ல் சர்வகலாசாலைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். கல்வியின் தரத்தை உயர்த்துவது என்பது வெளிப்பூச்சு. செனெட் சபையைச் சர்க்காரின் கைக்குள் அடக்குவதே உள்நோக்கம் என்று தேசத் தலைவர்கள் கண்டித்தார்கள். ஸ்ரீமான் கோகலே சட்டசபையில் அதை எதிர்த்துப் போராடினார். சபையில் நூறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது; பழைய மூன்று சர்வகலாசாலைகளிலும் தேர்தலால் வருவோர் இருபது பேர்; மற்றோர் பெரும்பாலும் நியமனம் பெற்றவர். சட்டத்தின் குணம் இதிலிருந்தே விளங்கும். ஆனால் அதே சட்டத்தில், சர்வகலாசாலை தானே ஆசிரியர்களை நியமித்துக் கற்பிக்கலாம் என்றும் ஒரு விதி இருந்தது. இதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. 1906-ல் வைஸ்சான்ஸலராக வந்த அசுதோஷ் அதைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டார். விலங்காகச் செய்த இரும்பைக் கொண்டு அவர் ஏர் அடித்தார் என்றே நாம் சொல்வோம்.

தொடர்ச்சியாக எட்டு ஆண்டுகள், 1914 வரை, அவர் அப்பதவியில் இருந்தார். பகலில் ஹைகோர்ட், மற்ற வேளையெல்லாம் சர்வகலாசாலை. புதிய விதிகளை எழுதிய குழுவின் தலைவரும் அவரே. தாய்மொழியில் கட்டுரை எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மெட்ரிகுலேஷன் முதல் பி.ஏ. வரையில் கட்டாயமாயிற்று. 1891-ல் இளைஞராக இருந்தபோது இதை ஒத்த யோசனை ஒன்றை அவர் செனெட்டில் கொண்டுவந்து தோற்றிருந்தார். பங்கிம் சந்திரரின் ஆதரவிருந்தும் தோல்வியே கிடைத்தது. பதினைந்து ஆண்டுகள் பொறுத்திருந்து அதை விதியாக்கினார். பிறகு 1919-ல் இந்திய மொழிகளிலேயே எம்.ஏ. பட்டம் பெறலாம் என்று ஏற்பட்டது. தாய்மொழியைக் கற்றவன் மேற்படிப்புக்கு அருகனல்லன் என்ற எண்ணம் படித்தவர்களிடையே வேரூன்றியிருந்த காலத்தில் இது சாமானிய காரியமன்று.

1917-ம் வருஷத்து மாறுதல் எல்லாவற்றிலும் பெரிது. அவ்வாண்டு முதல் எம்.ஏ., எம்.எஸ்ஸி. வகுப்புகளின் போதனை தனித்தனிக் கலாசாலைகளை விட்டுச் சர்வகலாசாலைக்கே வந்து சேர்ந்தது. கலைகளுக்கு ஒன்றும் விஞ்ஞானத்துக்கு ஒன்றுமாக இரண்டு சபைகள் ஏற்பட்டன. கற்பிக்கும் ஆசிரியர்களே அவற்றில் அமர்ந்து பாடங்களையும் பரீட்சைகளையும் வகுத்தார்கள். மேற்படிப்பின் கதவு ஒரு கலாசாலைத் தலைவரின் தயவில் தொங்காமல் மாகாணத்துக்கே பொதுவாயிற்று.

கற்போரின் தகுதியை மட்டுமல்ல, கற்பிப்போரின் தகுதியையும் அவர் புதிதாக நிறுத்தார். தாரகநாத் பாலித், ராஸ்பிஹாரி கோஷ் என்ற இரு வக்கீல்கள் விஞ்ஞானக் கலாசாலைக்காக வாரிக் கொடுத்தார்கள். முன்னவர் கொடுத்தது ஏறக்குறைய 15 லக்ஷம் ரூபாய். பின்னவர் முதலில் கொடுத்தது 10 லக்ஷம். அவர்கள் ஏற்படுத்திய பீடங்களில் இந்தியரே அமர வேண்டும் என்பது நிபந்தனை. அது நமக்கு மகிழ்ச்சி தருவதே. ஆனால் பாலித் பீடத்துக்கு வருபவர் வெளிநாட்டில் பயின்றவராக இருக்க வேண்டும் என்று இன்னொரு நிபந்தனையும் இருந்தது. அசுதோஷ் தேர்ந்தெடுத்தவரோ திருச்சிராப்பள்ளியில் பிறந்து, சென்னையில் பயின்று, கல்கத்தாவில் சர்க்காரின் கணக்கிலாகாவில் பெருஞ் சம்பளத்தில் இருந்த ஸ்ரீ சி. வி. ராமன். உத்தியோக நேரம் போக மீதி வேளையில் ஆராய்ச்சி செய்துவந்தவர், கப்பலேறாதவர், இப்பதவிக்காக ஏறவும் இசையாதவர். பரீட்சைக் காகிதத்தையும் கப்பல் சீட்டையும் பார்க்கிலும் செய்த வேலையே பெரிதென்று கண்ட அசுதோஷ், நிபந்தனையைத் தளர்த்தச் செய்தார். 1917-ல் ராமன் குறைந்த சம்பளத்துக்கு அப்பீடத்தை ஏற்றார். அதற்கு முந்தின வருஷமே மேகநாத் ஸாஹா, சத்தியேந்திரநாத் போஸ் என்ற இரண்டு இளைஞர்கள், தாங்கள் எம்.எஸ்ஸி. தேறி அதிக நாளாகாதிருந்தும், அங்கே போதகாசிரியர்களாகிவிட்டார்கள். 1921-ல் திருத்தணி தந்த ராதாகிருஷ்ணன் மைசூரிலிருந்து தத்துவ சாஸ்திரப் பீடத்துக்கு அழைக்கப்பட்டார். வங்காளிக்கே வங்காளத்துப் பீடம் என்ற பேச்சுக்கு அவர் செவிகொடுக்கவில்லை.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் நமக்குச் சற்றுத் தயக்கம் உண்டாகிறது. சர்க்கார் கொடுத்தது சொற்பம். மெட்ரிகுலேஷன் முதலான பரீட்சைகளுக்கு வருகிறவர்கள் செலுத்தும் கட்டணத்தில் மிஞ்சியதே மேற்படிப்பு வகுப்புகளுக்குப் பெரிய ஆதாரமாயிற்று. ஆகவே பரீட்சைகளில் தாராளமாகத் தேறவிடுவது பணப்பெட்டியை நிரப்பவே என்று குற்றஞ்சாட்டினார்கள். சர்க்கார் பத்திரிகைகள் சொன்னதை நாம் லக்ஷியம் செய்யவேண்டியதில்லை; பட்டதாரி பெருகினால் கிளர்ச்சிக்காரன் பெருகுவான் என்ற பயமே அவர்களைப் பேசச் செய்தது. ஆனால் சரித்திராசிரியர் ஜாதுநாத் ஸர்க்காரும், பத்திராதிபர் ராமானந்த சட்டர்ஜியும் கல்விமேல் மெய்யான பற்றுடையவர்கள். வகுப்புகள் அளவுக்கு மீறிப் பெருகின, செலவு கட்டுக்கடங்கவில்லை, தரம் தாழ்ந்தது என்று அவர்கள் எழுதியதைப் பொறாமை என்று ஒதுக்க நமக்கு மனமில்லை. கிராமத்துப் பையன் தோற்றாலும் தேறினாலும் செலுத்தும் கட்டணத்தில் எம்.ஏ. வகுப்பு நடப்பது நியாயந்தானா? அசுதோஷுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பது உண்மை. வழி இல்லாமற் செய்தவர்கள் யார் என்பதும் உண்மை. ஆயினும் கேள்வி கேள்வியாகவே நிற்கிறது.

1917-ல் நியமிக்கப்பெற்ற ஸாட்லர் கமிஷனின் இரு இந்திய அங்கத்தினருள் அசுதோஷ் ஒருவர். அவருடைய சர்வகலாசாலையில் அப்போது சுமார் 26,000 மாணாக்கர் பட்டத்துக்காகப் படித்துவந்தார்கள். 1919-ல் வெளிவந்த அறிக்கை, சர்வகலாசாலையின் வாயிலை மெட்ரிகுலேஷனிலிருந்து எடுத்து இன்டர்மீடியட்டுக்கு அப்பால் வைக்கவேண்டும் என்றும், அதன்பின் பட்டத்துக்கு மூன்று ஆண்டு வேண்டும் என்றும் சொல்லிற்று. வாயிலை அகலத் திறந்தவர் என்று பெயரெடுத்தவரே வாயிலை உயர்த்தும் அறிக்கையிலும் கையெழுத்திட்டார். இதில் முரண்பாடு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. உள்ளே வருகிறவனைத் தயார்செய்யும் பள்ளி முதலில் திருந்த வேண்டும் என்பதே அதன் கருத்து.

தேசியவாதிகள் அவரிடம் குறைகண்ட காலமும் உண்டு. 1921-ன் தொடக்கத்தில் தேசபந்து தாஸரின் அழைப்பைக் கேட்டு மாணாக்கர் ஆயிரக்கணக்கில் கலாசாலைகளை விட்டு வெளியேறினார்கள். அசுதோஷ் சர்வகலாசாலையை மூட இணங்கவில்லை. சர்க்காரின் நீதிபதி, ஸர் பட்டம் பெற்றவர், வேறென்ன செய்வார் என்று பலர் ஏசினார்கள். அவ்வாண்டில் மீண்டும் வைஸ்சான்ஸலராகி அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர் நடந்துகொண்ட விதம் அவர்களையும் வாயடைக்கச் செய்தது. 1922-ல் ஆசிரியர்களின் சம்பளம் மாதக் கணக்கில் பாக்கி நின்றது. வங்காள சர்க்கார் இரண்டரை லக்ஷம் ரூபாய் தருவதாகச் சொல்லி, கணக்கு வழக்குகளில் தங்கள் அதிகாரத்தை ஒப்புக்கொள்ள வேண்டுமென்ற நிபந்தனைகளை விதித்தார்கள். இரட்டையாட்சியில் கல்வி இலாகா இந்திய மந்திரியின் கையில் இருந்தது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். விலை கொடுத்து அடிமை கொள்ளும் இந்தப் பணம் வேண்டாம் என்று அசுதோஷ் செனெட்டில் முழங்கினார். பட்டினி கிடக்கவும் ஆசிரியர்கள் சித்தமாக வேண்டும் என்றார். பணம் மறுக்கப்பட்டது. 1923-ல் கவர்னர் லிட்டன் பிரபு, சர்க்காருக்கு எதிராக நிற்பதில்லை என்று உறுதி தந்தால் மறுபடியும் பதவி தருவதாக எழுதினார். அவ்விதமான பதவி தமக்கு வேண்டியதில்லை என்று கடுமையான பதில் போயிற்று.

அவ்வாண்டிலேயே ஹைகோர்ட்டிலிருந்தும் விலகி மீண்டும் வக்கீல் தொழிலுக்கு வந்தார். டும்ராவ் வழக்குக்காகப் பாட்னா சென்றிருந்தபோது 1924 மே 25ந் தேதி அங்கேயே உயிர் நீத்தார். அறுபது நிறைய ஒரு மாதமே இருந்தது. நான்கு ஆண்டு கழித்து, 1928 பிப்ரவரி 28ந் தேதி, கல்கத்தாவின் பௌபஜார் வீதியில் சிறியதோர் ஆராய்ச்சிசாலையில், ஒளி சிதறும்போது அதன் நிறம் மாறுவதை ஸ்ரீ ராமன் கண்டறிந்தார். அன்றும் அவர் இருந்தது பாலித் பீடத்தில்.