மரணப் படுக்கையருகே ஒரு தாய்

நோயைக் குணப்படுத்துவது மருத்துவம். குணப்படுத்த இயலாத நிலையிலும் நோயாளியை விட்டு விலகாதிருப்பது தொண்டு. மருத்துவர்கள் கைவிரித்த பிறகு, உற்றாரும் அஞ்சி ஒதுங்கிய பிறகு, ஏழை நோயாளிக்கு யார் துணை? இக்கேள்வி எல்லா நாடுகளிலும் எல்லாக் காலங்களிலும் எழுந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், நியூயார்க் மாநகரின் சேரிப் பகுதி ஒன்றில், அக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாக அளித்தவர் ரோஸ் ஹாதார்ன். துறவு ஏற்றபின் அவர் அன்னை மேரி அல்ஃபோன்ஸா என்று அழைக்கப்பட்டார்.

புகழ்பெற்ற குடும்பம்

அமெரிக்க இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவர் நத்தானியேல் ஹாதார்ன். அவருக்கும் அவரது மனைவி சோஃபியாவுக்கும் மூன்றாவது குழந்தையாக, 1851 மே 20 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெனாக்ஸ் என்னும் ஊரில் ரோஸ் பிறந்தார். 1853இல் தந்தை லிவர்பூல் நகரில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாகப் பொறுப்பேற்றதால் குழந்தையின் இளமைப்பருவம் இங்கிலாந்திலும், பின்னர் இத்தாலியிலும் கழிந்தது. 1860இல் குடும்பம் தாயகம் திரும்பியது.

இங்கிலாந்தில் வாழ்ந்த நாட்களில் ஹாதார்ன் ஓர் ஏழைகள் விடுதியைப் பார்வையிடச் சென்றார். உடல் முழுவதும் நோயின் அடையாளங்களுடன் இருந்த குழந்தை ஒன்று அவரைப் பின்தொடர்ந்து வந்து, தன்னைத் தூக்கும்படி கைகளை நீட்டி நின்றது. அருவருப்பு மிகும் இயல்பினரான அவருக்கு அது கடும் சோதனையாயிற்று. எனினும் அவர் குனிந்து அக்குழந்தையை வாரி எடுத்துக்கொண்டார். 1863இல் வெளிவந்த தமது நூலில் இந்நிகழ்ச்சியை விவரித்தபோது, உடன்வந்த யாரோ ஒருவரின் செயலாகவே அதை எழுதினார். அந்த மனிதர் அவரேதான் என்பது அவரது நாட்குறிப்பின் மூலம் பின்னர் தெரியவந்தது. தந்தை எழுதியவற்றுள் இப்பகுதியே தலைசிறந்தது என்று ரோஸ் கருதினார். பெரும் புதினங்களை எழுதிய தந்தையிடமிருந்து மகள் பெற்ற உண்மையான சொத்து இதுவே என்று சொல்லலாம்.

இழப்புகளின் காலம்

ரோஸின் 13ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், 1864 மே 19 அன்று, தந்தை காலமானார். 1871இல் லண்டனில் தாயும் மறைந்தார். அதே ஆண்டில் ஜார்ஜ் பார்சன்ஸ் லாத்ராப் என்ற எழுத்தாளரை ரோஸ் மணந்தார். 1876இல் பிறந்த ஒரே மகன் பிரான்சிஸ், 1881இல் தொண்டை அடைப்பான் நோயினால் நான்கு வயதில் இறந்துபோனான். அதன்பின் அவர்களுக்குக் குழந்தை இல்லை.

ரோஸ் கவிதைகளும் கதைகளும் எழுதினார். 1888இல் அவரது கவிதைத் தொகுதி வெளிவந்தது. 1891இல் கணவரும் மனைவியும் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். ஆயினும் கணவரின் குடிப்பழக்கத்தால் இல்வாழ்வில் அமைதி நிலைக்கவில்லை. 1895இல் ரோஸ் பிரிந்து வாழத் தொடங்கினார். பெற்றோர், மகன், இல்லறம் என ஒவ்வொன்றாக இழந்து, 44ஆம் வயதில் அவர் தனித்து நின்றார். இத்தகைய நிலையில் சிலர் தம் துயரத்துக்குள்ளேயே முடங்கிவிடுகிறார்கள். சிலருக்கோ சொந்தத் துயரமே பிறர் துயரத்தை அறியும் கண்ணாகிறது. ரோஸ் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்.

இரு பெண்கள், இரு மரணங்கள்

நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலையின் பீடத்தில் இடம்பெற்றுள்ள கவிதையை இயற்றியவர் எம்மா லாசரஸ். அவர் ரோஸின் தோழி. வசதியான குடும்பத்தில் பிறந்த அவர் புற்றுநோயால் துன்புற்று 1887இல் மறைந்தபோது, அன்பும் பராமரிப்பும் அவரைச் சூழ்ந்திருந்தன. சில ஆண்டுகளுக்குப் பின், ஏழைத் தையற்காரப் பெண் ஒருத்தியைப் பற்றி ரோஸ் கேள்விப்பட்டார். அவளுக்கும் புற்றுநோய். கையிலிருந்த பணம் தீர்ந்ததும், பிளாக்வெல் தீவில் இருந்த அரசு ஆதரவற்றோர் விடுதிக்கு அவள் அனுப்பப்பட்டாள்.

அக்காலத்தில் புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்று பலரும் நம்பினர். இன்று அது தவறு என்பதை அறிவோம். அன்றோ அந்த அச்சம் குடும்பங்களையே பிரித்தது. குணமாகாது என்று தெரிந்த ஏழைகளை மருத்துவமனைகள் வெளியேற்றின. உறவினரும் அவர்களை வைத்துக்கொள்ளத் தயங்கினர். இறுதியில் அவர்களுக்கு எஞ்சியது அந்தத் தீவு மட்டுமே. நோய் ஒன்றுதான், ஆனால் மரணத்திலும் செல்வருக்கு ஒரு நீதி, ஏழைக்கு வேறொரு நீதி. இவ்வேறுபாடு ரோஸின் உள்ளத்தை உறங்கவிடவில்லை.

பயிற்சியும் தொடக்கமும்

உணர்ச்சிப் பெருக்கு மட்டும் தொண்டாகிவிடாது என்பதை ரோஸ் அறிந்திருந்தார். 1896ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில், 45 வயதில், நியூயார்க் புற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்து சுமார் மூன்று மாதங்கள் செவிலிப் பயிற்சி பெற்றார். புண்களைக் கழுவுவதையும் கட்டுப்போடுவதையும் அங்கே கற்றார். பின்னர், வறிய குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த கீழ்க்கிழக்குப் பகுதியில், ஸ்காமெல் தெருவில் சிறிய அறைகளை வாடகைக்கு எடுத்துக் குடியேறினார். ஏழைகளுக்குத் தொண்டு செய்துவிட்டு மாலையில் வசதியான வீட்டுக்குத் திரும்புவதை அவர் விரும்பவில்லை. அவர்களுள் ஒருவராக வாழ்வதே முறை என்று முடிவு செய்தார்.

நோயாளிகளின் வீடுகளுக்கு நாள்தோறும் நடந்து சென்று புண்களுக்கு மருந்திட்டார். போக்கிடமில்லாத சிலரைத் தம் அறைகளிலேயே வைத்துப் பேணினார். நாளிதழ்களுக்குக் கடிதங்கள் எழுதிப் பண உதவியும் பழைய துணிகளும் வேண்டினார். தந்தையைப் பற்றி அவர் எழுதிய நினைவுநூல் 1897இல் வெளிவந்தது. தந்தையின் புகழையும் தம் எழுத்தாற்றலையும் அவர் தமக்காகப் பயன்படுத்தவில்லை. இரண்டும் அந்த ஏழைகளுக்கே உரியவையாயின.

வாரத்தில் ஒரு பிற்பகல்

ஆலிஸ் ஹூபர் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த இளம் ஓவியர். நியூயார்க்கில் கலை பயின்றுவந்த அவர், ரோஸின் பணியைப் பற்றிக் கேள்வியுற்று 1897ஆம் ஆண்டின் இறுதியில் அவரைக் காணச் சென்றார். அந்த இடத்தின் வறுமையையும் நோயின் கொடுமையையும் கண்டு அவரது மனம் கூசியது. எனினும் வாரத்தில் ஒரு பிற்பகல் மட்டும் வந்து உதவுவதாக ஒப்புக்கொண்டார். சில மாதங்களுக்குப் பின், 1898இல், ஓவியத்தை விட்டுவிட்டு ரோஸுடன் நிரந்தரமாகத் தங்க வந்தார். அதன்பின் இறுதிவரை இருவரும் இணைபிரியாமல் உழைத்தனர்.

தொண்டாற்ற விரும்புவோர் இந்நிகழ்ச்சியை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். முதல் நாள் மனம் கூசுவது குற்றமன்று. கூசிய மனத்தோடு மறுவாரமும் செல்வதில்தான் தொண்டு தொடங்குகிறது. பழகப் பழகப் புண் கண்ணிலிருந்து மறைந்து, மனிதர் தெரியத் தொடங்குகிறார். ஆலிஸ் அளித்தது வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே. ஆனால் தவறாமல் அளித்த அச்சிறு நேரமே அவரது வாழ்க்கையை மாற்றியமைத்தது.

இல்லத்தின் நெறிகள்

1898 ஏப்ரலில் ரோஸின் கணவர் காலமானார். 1899இல் செர்ரி தெருவில் ஒரு வீடு கிடைத்தது. குணமாகாத புற்றுநோயால் வருந்தும் ஏழைகளுக்கான இலவச இல்லமாக, புனித ரோஸ் என்ற பெயரில் அது இயங்கத் தொடங்கியது. 1900 டிசம்பர் 8 அன்று இருவரும் டொமினிக்கன் சபைத் துறவியராயினர். ரோஸ், மேரி அல்ஃபோன்ஸா ஆனார். ஆலிஸ், மேரி ரோஸ் ஆனார். 1901இல் நியூயார்க் நகருக்கு வெளியே குன்றின்மீது அமைந்திருந்த மரத்தாலான பெரிய கட்டடம் ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. அதற்கு ரோசரி ஹில் இல்லம் என்று பெயர். பிற்காலத்தில் அவ்வூரே ஹாதார்ன் என்று பெயர் பெற்றது.

இல்லத்தின் நெறிகள் எளியவை; ஆனால் உறுதியானவை. நோயாளியிடமிருந்தோ குடும்பத்தாரிடமிருந்தோ பணம் பெறலாகாது. எந்தச் சமயத்தவரையும் ஏற்க வேண்டும். நோயாளிகளைச் சோதனைகளுக்கு உட்படுத்தக் கூடாது. அருவருப்பைச் சொல்லாலோ முகக்குறிப்பாலோ வெளிக்காட்டக் கூடாது. இறுதியாகச் சொன்ன நெறியே கடினமானது. உடல் சிதைந்துவரும் ஒருவர், தாம் இன்னும் மனிதர்தாமா என்பதை எதிரில் நிற்பவரின் முகத்தில்தான் தேடுகிறார். அம்முகம் சுளிக்குமானால் எந்த மருந்தும் அவரை ஆற்றாது.

பணம் பெறாத நெறியிலும் ஆழ்ந்த பொருள் உண்டு. பணம் தருபவருக்கு ஒரு வகைப் பணிவிடை, தராதவருக்கு வேறொரு வகை என்ற நிலை அங்கே எழவே இயலாது. குடும்பத்தாரும் கடன்சுமையின்றி, குற்ற உணர்வின்றி, தம் அன்புக்குரியவரின் அருகே அமர முடிந்தது. அன்றாடச் செலவுக்கு இல்லம் மக்களின் நன்கொடையையே நம்பியிருந்தது. எழுத்தாளர் மார்க் ட்வைனும் அதற்கு ஆதரவளித்தவர்களுள் ஒருவர்.

நிறைவு

மரக்கட்டடத்தில் தீ விபத்து நேர்ந்தால் நடக்க இயலாத நோயாளிகளின் கதி என்னவாகும் என்ற கவலை அன்னையை முதுமையிலும் விடவில்லை. தீப்பற்றாத புதிய கட்டடத்துக்காக அவர் கடிதங்கள் எழுதி நிதி திரட்டிக்கொண்டே இருந்தார். 1926 ஜூலை 9 அன்று, 75ஆம் வயதில், உறக்கத்திலேயே அவரது உயிர் பிரிந்தது. அது அவருடைய பெற்றோரின் மணநாள். அதன்பின் ஆலிஸ் சபையை வழிநடத்தினார். நோயாளிகளிடம் பணம் பெறாத நெறியை அச்சபையினர் இன்றும் காத்து வருகின்றனர். 2024இல் கத்தோலிக்கத் திருச்சபை அன்னையை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

நம் நாட்டிலும் இத்தகைய தொண்டு வேரூன்றியுள்ளது. 1986இல் மும்பையில் சாந்தி அவேதனா இல்லம் தொடங்கப்பட்டது. 1993இல் கோழிக்கோட்டில் வலிதணிப்புச் சங்கம் உருவாயிற்று. அதைத் தொடர்ந்து, கேரளத்தில் அண்டை வீட்டாரே தொண்டர்களாகப் பயிற்சி பெற்று நோயாளிகளின் இல்லங்களுக்குச் செல்லும் முறை பரவியது. அங்கே தொண்டர் செய்வது பெரிய காரியமாகத் தோன்றாது. படுக்கை விரிப்பை மாற்றுதல், கேட்பாரற்ற சொற்களைக் கேட்டல், இரவெல்லாம் விழித்திருந்த மனைவியோ மகளோ சற்று உறங்குமாறு ஒருமணி நேரம் நோயாளியருகே அமர்ந்திருத்தல். இவ்வளவே.

நம் தெருவிலும் நீண்டநாள் கதவு சாத்தியிருக்கும் ஒரு வீடு இருக்கக்கூடும். உள்ளே ஒருவர் இறுதி நாட்களை எண்ணிக்கொண்டிருக்கலாம். மற்றொருவர் அவரைக் கவனித்துக் களைத்திருக்கலாம். அக்கதவைத் தட்டுவதற்குத் துறவாடை தேவையில்லை. வாரத்தில் ஒரு பிற்பகல் போதும்.